மதிய டப்பாவில் கடற்பாசி

சலவைக் கடையில் அவளுக்குக் கறைக்காரம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமலில்லை. ஆனால் கடை முதலாளியே அதை மறந்துபோய் வருஷக்கணக்காகிறது. முன்பக்கம் துணி வாங்கிச் சீட்டு குத்துகிறவள் ஒருத்தி, பின்பக்கம் மெஷினில் போடுகிறவர்கள் இரண்டு பேர், நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர் ஒருவர். இவளுடைய இடம் ஜன்னலோரத்து நீள மேஜை. கோட்டு, சட்டை, மேஜைவிரிப்பு, திரைச்சீலை என்று எதில் கறை பட்டிருந்தாலும் கடைசியில் அது இவள் கைக்குத்தான் வந்து சேரும்.

மைக்கு ஒரு வைத்தியம், துருவுக்கு ஒரு வைத்தியம். எண்ணெய்க் கறையிலேயே தினுசு தினுசாக உண்டு. மெஷின் எண்ணெய் நூலுக்குள் இறங்கிக் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும். பொரித்த எண்ணெய் மஞ்சளாகப் பரவி ஓரத்தில் ஒரு கோடு கட்டும், சோப்பு பட்டதும் வாடையைக் கிளப்பும். வாடிக்கைக்காரர் "டீ கொட்டிடுச்சு" என்று சொல்லிக் கொடுக்கும் சட்டையில் இருப்பது டீ இல்லை என்பது அவளுக்குப் பார்த்ததும் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். துணி கொடுத்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கறை என்று ஒப்புக்கொண்டு, கையால் மட்டும் வேறு வைத்தியம் பார்ப்பது அந்தக் கடையின் வழக்கம். "அவங்க வீட்டு வம்பு நமக்கு எதுக்கு?" என்று வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார். அவளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷர். நாக்கு ஒன்றுதான் அவர் பேச்சைக் கேட்காது. பொரித்த கோழி என்றால் செத்த பிணமும் எழுந்து உட்காரும் என்பது அவர் கட்சி. அவருடைய இரண்டு அண்ணன்மாரும் அதே கட்சிதான். மூத்தவர் ஐம்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போய், தண்ணீர்க் குழாயை மூடாமலே கீழே சரிந்தார். இரண்டும் மாரடைப்பு. இரண்டாவது அண்ணி வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்த கோலத்தைக் கறைக்காரம்மா இன்னும் மறக்கவில்லை. மூன்றாவதாக மிச்சமிருப்பது தன் வீட்டுக்காரர் என்பதையும் மறக்கவில்லை.

அதனால்தான் அவர் ரத்தத்தில் கொழுப்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது என்று முதல் ரிப்போர்ட் வந்தபோது அவள் ராத்திரியில் அவர் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினாள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். ஒரு மாதம் விழுங்கிவிட்டு, கால் குடைகிறது, தொடை வலிக்கிறது என்று மெஷின்காரர் தானாகவே நிறுத்திவிட்டார். வேறு மாத்திரை தருகிறேன் என்று டாக்டரம்மா சொல்ல, சாப்பாட்டிலேயே குறைத்துக் காட்டுகிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று இவர் கெஞ்ச, வேண்டா வெறுப்பாகச் சில மாத அவகாசம் கிடைத்தது.

கடற்பாசி வந்தது அந்த அவகாசத்தில்தான். வெள்ளைக் கோட்டில் மை கொட்டிக்கொண்டு வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டுப் போனார். தன் தம்பி தினமும் சாப்பிடுகிறான், கொழுப்புக்கு நல்லதாம், பெரிய கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறதாம். கறைக்காரம்மா அன்று சாயங்காலமே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள்.

"கடல்பாசி சாப்பிட்டா கொழுப்பு இறங்குமா டாக்டர்?"

"சில ஆராய்ச்சியில கொஞ்சம் இறங்கியிருக்கும்மா. அதுல இருக்கிற நார் வயித்துல கூழ் மாதிரி ஆகி, பித்தநீரைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போயிடும். திரும்பப் பித்தநீர் செய்யறதுக்கு உடம்பு ரத்தத்துல இருக்கிற கொழுப்பை எடுத்துக்கும். ஆனா எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சிங்க. கண்டிப்பா இறங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சாப்பிடலாமா, கூடாதா?"

"கொஞ்சமா சாப்பிடலாம். அதுல அயோடின் ஜாஸ்தி, அளவு மீறினா தைராய்டுக்கு ஆகாது. மாத்திரைக்குப் பதில்னு நினைச்சுக்காதீங்க. முதல்ல அந்தப் பொரிச்ச சாமானை நிறுத்தச் சொல்லுங்க. அதுதான் முக்கியம்."

இத்தனையிலும் 'சாப்பிடலாம்' என்ற ஒரு சொல்தான் அவளோடு வீடு வரைக்கும் வந்தது. பயந்தவர்களுக்குக் காது அப்படித்தான் கேட்கும், அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

பாக்கெட்டைப் பிரித்ததும் சமையலறை கடலாகிவிட்டது. காய்ந்து சுருண்ட கறும்பச்சை நார்கள். நாலைந்து தடவை அலசினால்தான் உப்பு போகும். ஊறவைத்தால் ஊதிப் பெருத்து, தண்ணீரே வழவழவென்று கையில் ஒட்டும். அதை நறுக்கி, கேரட்டும் முட்டைகோஸும் சேர்த்து எண்ணெய் காட்டாமல் வேகவைத்து, மிளகுத்தூள் போட்டு இறக்குவாள். காலையில் அவருக்கு ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி லேசாக ஏதாவது. வேலை நாட்களில் மதிய டப்பாவுக்கு மட்டும் கடற்பாசி. அவருக்கு ஒரு டப்பா, தனக்கு ஒரு டப்பா. அவளுக்குக் கொழுப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் ஒருவர் மட்டும் அந்தக் கண்ணராவியைத் தின்ன, தான் ருசியாகச் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

சலவைக் கடையில் அவள் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். "அம்மா, கடற்கரைக்குப் போய்ச் சாப்பிடுங்களேன்" என்று நீராவிப் பெட்டிக்காரர் கிண்டல் செய்வார். அவள் சிரித்துக்கொண்டே மூச்சைப் பிடித்து விழுங்குவாள். அந்த மனுஷர் இந்த நேரத்தில் அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, இதையேதான் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டால் தொண்டையில் இறங்கிவிடும். கல்யாணமான புதிதில்கூட அவரை அவள் இப்படி மதியத்துக்கு மதியம் நினைத்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் டப்பாவைத் திறந்து காட்டுவார். துடைத்து வைத்தது போல் இருக்கும்.

"எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல. கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா நல்லா இருக்கும்."

மறுநாளே எலுமிச்சை பிழிந்தாள். இன்னொரு நாள் வழவழப்பு ஜாஸ்தி என்றார். கூட இரண்டு தடவை அலசினாள். இன்னொரு நாள், "இன்னைக்குப் பூண்டு வாசனை பிரமாதம்" என்றார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாக்குக்கு அடிமையாகக் கிடந்த மனுஷர் தனக்காக இந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கிறாரே என்று உருகிப்போனாள். ஊரில் எத்தனை பேர் வீட்டுக்காரர் இப்படிச் சொல்பேச்சு கேட்கிறார்கள் என்று கடையில் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

நடுவில் ஒருநாள் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தாள். மார்புக்குக் கீழே ஒரு கறை. மஞ்சளாகப் பரவி ஓரத்தில் கோடு கட்டியிருந்தது.

"இது என்னங்க?"

"மெஷின் எண்ணெய். ரோலர் மாத்தும்போது தெறிச்சுடுச்சு" என்றார் அவர், கண்ணாடி முன் தலை சீவியபடி.

சோப்பு போட்டாள். வாடை எழுந்தது. அவள் விரலுக்கும் மூக்குக்கும் இது மெஷின் எண்ணெய் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு நிமிஷம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாராவது சாப்பிட்ட கையோடு இடித்திருப்பார்கள், எதிரே உட்கார்ந்தவன் தட்டிலிருந்து தெறித்திருக்கும் என்று தனக்குத்தானே ஆயிரம் சமாதானம். பிறகு, பொரித்த எண்ணெய்க்குரிய வைத்தியத்தைச் செய்து, மெஷின் எண்ணெய் போய்விட்டது என்று சொல்லி, மடித்து வைத்தாள். கடையில் நடக்கிற வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் செய்த தப்பு. கட்டிய புருஷன் என்ன வாடிக்கைக்காரரா, அவர் சொல்வதுதான் கறை என்று ஒப்புக்கொள்ள?

அவகாசம் முடிந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டோடு இரண்டு பேரும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கறைக்காரம்மா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தாள், பாராட்டு வாங்கப் போகிறவள் போல. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"போன தடவையை விட ஏறியிருக்கு. வீட்டுல என்னம்மா நடக்குது?"

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "ஏறியிருக்கா?"

"எண்ணெய் பலகாரம், பொரிச்ச கறி எல்லாம் நிறுத்தச் சொன்னேனே. நிறுத்தினீங்களா, இல்லையா?"

"நிறுத்திட்டேன் டாக்டர். தினமும் என் கையாலதான் கட்டிக் குடுக்கறேன். சொட்டு எண்ணெய் கிடையாது."

"வெளியில சாப்பிடறாரா?"

"இல்லவே இல்ல. டப்பா காலியாத்தான் வருது. நான் பொறுப்பு டாக்டர். வேணும்னா என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

பக்கத்து நாற்காலியில் மெஷின்காரர் உட்கார்ந்திருந்தார். சுவரில் இதயத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டும் வண்ணப்படம் ஒன்று மாட்டியிருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் ஏறுதுன்னா இது பரம்பரையா வர்றது. உடம்பே கொழுப்பைச் செய்யுது. ரெண்டு அண்ணன் வேற போயிருக்காங்க. இதை இனிமே லேசா எடுத்துக்க முடியாது. பெரிய அளவுல மாத்திரை ஆரம்பிப்போம். இதயக் குழாயில சாயம் ஏத்திப் படம் எடுத்துப் பார்க்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அடுத்த வாரம் வாங்க, தேதி சொல்றேன்."

திரும்பும்போது பேருந்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெஷின்காரர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அழாத. எல்லாம் என் தலையெழுத்து. நீ என்ன பண்ணுவ பாவம்" என்றார். அந்த ஆறுதல் அப்போது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இவ்வளவு நல்ல மனுஷருக்கா இந்தக் கதி என்று இன்னும் கொஞ்சம் அழுதாள்.

செய்தி கேட்டு இரண்டாவது அண்ணி, கறைக்காரம்மாவின் ஓரகத்தி, பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"கடல்ல கிடக்கிற குப்பையை வேகவச்சுப் போட்டா ஏறாம என்ன செய்யும்? யாரோ சொன்னாங்கன்னு புருஷனை வச்சு சோதனை பண்ணுவாங்களாம்மா?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் அக்கா குடுத்தேன்."

"நான் ஒருத்தி தாலியறுத்துட்டு நிக்கறது போதாதா இந்தக் குடும்பத்துக்கு?"

மெஷின்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டு சொல். ஓரகத்தி போன பிறகு கறைக்காரம்மா மிச்சமிருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அலசினது போதவில்லையோ, உப்பு தங்கிவிட்டதோ, நாம்தான் விஷம் வைத்துவிட்டோமோ. மாரடைப்பு வந்து அவர் சரிகிற காட்சி கண்ணை மூடினால் வந்தது. அதற்குக் காரணம் தான்தான் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் டப்பா நிற்கவில்லை. பாசியை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "பாவம், நீ ஆசையா செய்யற. இருக்கட்டும்" என்று அவர் அவசரமாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், சலவை செய்த சட்டையும் கையில் பையுமாக ஒரு வயசாளி.

"நான் அச்சகத்துல கட்டிங் மெஷின் பார்க்கறவன்மா. அவர் இருக்காரா?"

காகிதம் வெட்டுகிற கட்டிங்காரர். மனைவியை இழந்தவர் என்று கணவர் சொல்லி அவளுக்குத் தெரியும், நேரில் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் பையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஒரு பெரிய பாக்கெட் கடற்பாசியும் நிறைய எலுமிச்சம்பழமும் இருந்தன.

"இது என்னண்ணே?"

"எத்தனை நாளைக்குத்தான் நீங்களே வாங்கிச் செய்வீங்க. எனக்கே வெக்கமா இருந்துச்சு தங்கச்சி. ரிப்போர்ட் வந்ததும் முதல்ல உங்களைப் பார்த்துட்டுத்தான் மத்த வேலைன்னு வந்துட்டேன். எனக்குக் கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சந்தோஷத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார்.

"மாத்திரையும் விடாம போட்டேன், காலையில நடக்கவும் செஞ்சேன், அதனாலயும் இருக்கலாம். டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. சாப்பாடு என்னன்னு கேட்டாரு. எனக்குன்னு ஒரு தங்கச்சி தினமும் கடல்பாசி கட்டி அனுப்புதுன்னு சொன்னேன். என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒருத்தர் சமைச்சுப் போட்டது இதுதான்மா. அதுவும் எப்படி? எலுமிச்சை பிழிஞ்சா நல்லா இருக்கும்னு அவர்கிட்ட சும்மா சொன்னேன், மறுநாளே பிழிஞ்சு வந்துச்சு. வழவழப்பைச் சொன்னேன், அதுவும் போயிடுச்சு. ஒருநாள் பூண்டு போட்டிருந்தீங்க பாருங்க, பிரமாதம்."

கறைக்காரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை, வழவழப்பு, பூண்டு. சாயங்காலம் சாயங்காலம் தான் காத்திருந்து வாங்கிச் சேர்த்துவைத்த பாராட்டுகள் ஒவ்வொன்றும் இந்த மனுஷருடையவை. ஒன்றுகூட வீட்டுக்காரருடையது இல்லை.

"அவர் மத்தியானம் என்னண்ணே சாப்பிடறாரு?" என்று கேட்டாள்.

"எதிர்க்கடையிலேர்ந்து பொரிச்ச கோழி வாங்கிட்டு வருவாரு. வேண்டாம்யான்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். எனக்கு இரும்பு உடம்பு, எதைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்கறாரு. கொடுத்து வெச்சவரு."

கறைக்காரம்மாவுக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவமானம்தான் வந்தது. தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று டாக்டர் முன்னால் தான் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணில் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மதியங்கள் வந்தன. பேருந்தில் முதுகில் தட்டிய அந்தக் கை வந்தது. அந்தக் கையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். எதிரே கட்டிங்காரர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமாக இந்த உலகத்தில் யாரோ தன்னை நினைத்துச் சமைக்கிறார்கள் என்று நம்பிச் சாப்பிட்டவர். அந்தச் சோற்றில் எப்படி மண்ணைப் போடுவது? "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாமல் ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள்.

அவர் டீயை முடிக்கும்போது மெஷின்காரர் உள்ளே நுழைந்தார். புதிதாக வெட்டிய முடியும் பவுடர் பூசிய கழுத்துமாக வந்தவர், யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. கட்டிங்காரர் ஒன்றும் அறியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ரிப்போர்ட்டைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பினாள். மெஷின்காரர் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தார்.

"இங்க பாரு, உன் மனசு நோகக்கூடாதுன்னுதான். முதல் நாள் டப்பாவைத் திறந்ததும் எல்லாரும் மீன் சந்தை வந்துடுச்சுன்னு சிரிச்சாங்க. வாயில வைக்க முடியல. அவரு நல்லா இருக்கேன்னு சாப்பிட்டாரு. மிச்சத்தைக் குடுத்தா வாங்க மாட்டாரு, ரோஷக்காரர். அதான் நீ அவருக்காகவே செய்யறன்னு சொல்லி வச்சேன்."

"முதல் நாளேவா?"

அவர் கழுத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டார்.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஏதாவது செஞ்சிருப்பேனே."

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு அலசறதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் கஷ்டப்பட்டு அலசறது உங்களுக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரம்மா என்னைக் கேட்டப்ப? உங்க அண்ணி வந்து என்னைக் கிழிச்சப்ப? பஸ்ஸுல நான் அழுதப்ப என்ன சொன்னீங்க, தலையெழுத்தா?"

"அந்த நேரத்துல எப்படிம்மா சொல்ல முடியும்? மாட்டிக்கிட்டேன்."

"நான்தாங்க மாட்டிக்கிட்டேன். நீங்க படம் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாளையிலிருந்து தானே சாப்பிடுவதாகச் சொன்னார். மாத்திரையும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வதாகச் சொன்னார். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிங்காரர் கொண்டுவந்த எலுமிச்சைகளை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டப்பா நிக்காது. ஆனா அது அவருக்கு. அவர்கிட்ட நீங்க எதையும் சொல்ல வேண்டாம். அவருக்காகத்தான் செஞ்சேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும், இனிமே அது நெசம்தானே. உங்களுக்கு நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. டாக்டர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லுங்க. நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அவங்க உங்களுக்கு ஊசி குத்திக் குழாய்க்குள்ள சாயம் ஏத்தப் போறாங்க. பொய்னு தெரியாமலே நான் சொன்ன பொய் அது."

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன்" என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு கம்மி. அவள் காலையில் பாசியை அலசும்போது அவர் வந்து வாசலில் நிற்பார், ஏதாவது உதவட்டுமா என்பார். அவள் வேண்டாம் என்பாள். ராத்திரி அவர் தூங்கிய பிறகு மூச்சு வருகிறதா என்று பழையபடி மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். வந்துகொண்டிருந்தால் நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை நடந்தும் இந்த மனுஷர் செத்துவிடக் கூடாதே என்று அடித்துக்கொள்கிற தன் நெஞ்சின்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டரம்மா அறையில் அதே இரண்டு நாற்காலிகள். பெரிய ஆஸ்பத்திரியின் தேதி தயாராக மேஜைமேல் இருந்தது. மெஷின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டர், ஒரு விஷயம். நான் வெளியில கொஞ்சம் சாப்பிட்டிருக்கேன்."

"கொஞ்சம்னா?"

"எப்பவாவது. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்."

"ஒண்ணு ரெண்டு நாளுக்கு இப்படி ஏறாதே" என்றார் டாக்டரம்மா யோசனையாக. "அப்ப படம் எடுக்கிறதுல மாத்தம் இல்ல. தேதியை அப்படியே வச்சுக்கலாம்."

கறைக்காரம்மா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தை சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தாள். வழிநெடுக மனப்பாடம் பண்ணிக்கொண்டுதானே வந்தார். டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டார்.

"தினமும் டாக்டர்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை தவிர தினமும். பொரிச்ச கோழி. நான் கட்டிக் குடுத்த பாசியில இவர் ஒரு வாய்கூட வச்சதில்ல. போன தடவை நான் சொன்னதெல்லாம் தப்பு."

பேனா நின்றது. டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தேதி எழுதிய தாளை எடுத்து ஓரமாக வைத்தார். திட்ட வேண்டியதைத் திட்டினார். பெரிய மாத்திரையை அடித்துவிட்டு, கால் குடையாத வேறொரு மாத்திரையைச் சின்ன அளவில் எழுதினார். முதலில் வாயைக் கட்டி இதைப் போட்டுப் பார்க்கலாம், அப்படியும் இறங்காவிட்டால்தான் படம் என்றார். மெஷின்காரர் தலை குனிந்தபடியே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. அடிபட்டவர் குரலில் பேசினார்.

"அந்தம்மா முன்னாடி என்னை இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே. புருஷன் மானம் போச்சே, உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஏமாற்றப்பட்டவர் மாதிரி, உதடு துடிக்க நின்றுகொண்டிருந்தார்.

"போன தடவை அதே ரூம்ல என் மானம் போச்சு" என்றாள். "நீங்க பக்கத்து நாற்காலியிலதான் உக்கார்ந்திருந்தீங்க."